மேலே வந்தவர்கள் மட்டும்

தையல்காரியின் வலது முட்டிக்கு நல்ல காலம் பிறந்திருந்த நேரம் பார்த்துத்தான் சிகிச்சைப் பலன் ஆய்வு நிலையம் அதைக் கண்டுபிடித்தது.

முப்பது வருஷம் மிதித்த மெஷின். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை முட்டி வாயைத் திறக்காது. அதற்கப்புறம் எலும்புக்குள் யாரோ நூலில்லாத ஊசியை ஓட்டுவது மாதிரி குத்தும். பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் ஒரு பயிற்சி அறை இருந்தது. அதை நடத்தியவளை எல்லோரும் எக்சர்சைஸ் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். நாலு நாற்காலி, ஐந்தாறு ரப்பர் பட்டை, மணல் நிரப்பிய பை இரண்டு, அறையின் சொத்து அவ்வளவுதான். காலைத் தூக்கு, பத்து எண்ணு, இறக்கு. இரண்டே மாதத்தில் தையல்காரி சாயங்காலம் ஐந்து மணி வரை மெஷினில் தாக்குப்பிடித்தாள். ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடக்கூடச் செய்தாள். ஓடிய பிறகுதான் ஓடியது தெரிந்தது.

அந்த வாரம்தான் மூன்றாவது மாடியிலிருந்து சுற்றறிக்கை இறங்கியது. முட்டிவலிக்குப் புது மாத்திரை வந்திருக்கிறது, ஆறு மாதம் ஆய்வு நடக்கும், அதுவரை பயிற்சி அறை பூட்டியிருக்கும். மாத்திரையையும் கொடுத்து பயிற்சியையும் கொடுத்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும் அல்லவா என்று விளக்கம் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான். அந்த நிலையத்திடமிருந்து அவள் கேட்ட கடைசி நியாயமான பேச்சும் அதுதான்.

மாத்திரை ஜெயித்துவிட்டால் பயிற்சி அறை தேவைப்படாது, அதை பைல் அடுக்கும் அறையாக்கிவிடுவார்கள் என்றும் சுற்றறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. எக்சர்சைஸ் மேடத்தை வேறு கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். சாவியை மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய் இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்கள். நூற்றியெட்டு பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். தையல்காரி இருபத்தாறாம் நம்பர்.

மாதத்துக்கு ஒருமுறை மூன்றாவது மாடிக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். மொத்தம் ஐம்பத்து நான்கு படி. லிப்ட் இருந்தது, நன்றாகவே ஓடியது. ஆனால் அதன் கதவில் இயக்குநர் கையெழுத்தோடு ஒரு போர்டு தொங்கியது: ஆய்வின் பங்கேற்பாளர்கள் லிப்டில் ஏறக் கூடாது. படியேறுவதுதான் அளவுகோல் என்பதால் லிப்டில் வந்தால் அளவு கெட்டுவிடுமாம்.

லிப்டை ஓட்டியவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஆஸ்பத்திரி முழுக்க அவனுக்குச் ‘சட்டம்’ என்றுதான் பெயர். போர்டில் எழுதியிருப்பதை வரிக்கு வரி நடத்திக் காட்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. முதல் மாதம் அக்கா வந்து நின்றதும் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

“அக்கா, நீ எனக்கு சோறு ஊட்டி வளர்த்தவ. அதுக்காக உன்னை ஏத்த முடியாது.”

“சோறு ஊட்டின கைதான்டா உன்னை ரெண்டு போடவும் போகுது” என்று சொல்லிவிட்டு அவள் படிக்கட்டுக்குப் போனாள்.

முதல் மாதம் நடந்து ஏறினாள். இரண்டாம் மாதம் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். மூன்றாம் மாதம் படியில் உட்கார்ந்து, முதுகு மேல்பக்கம் இருக்க, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கித் தூக்கி ஏறினாள். மாத்திரை முட்டியைத் தொடவே இல்லை. அதற்குப் பதிலாக வயிற்றில் அடுப்பு மூட்டியது. மெஷினில் பதினோரு மணிக்கே கால் நின்றுவிட்டது. பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது. பஸ்ஸுக்கு ஓடிய அந்த நாலு எட்டு, வேறு யாருடைய காலிலோ நடந்ததுபோல் ஆகிவிட்டது.

மேலே ஒரு குமாஸ்தா தலை நிமிராமல் படிவத்தை நகர்த்தினார். அதில் ஒரே ஒரு கேள்விதான்: மேலே வந்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

“வலியை எங்கே எழுதறதுங்க?” என்று கேட்டாள்.

வலியைப் பற்றிய கேள்வி முன்பு இருந்ததாகவும், ஒரே மாதிரி முட்டிக்கு ஆளுக்கொரு பதில் சொன்னதால் ஆய்வுமுறை மேம்பாட்டுக் குழு அதை எடுத்துவிட்டதாகவும் குமாஸ்தா சொன்னார். இப்போது இருக்கும் கேள்விக்கு இதுவரை யாருமே மாற்றிச் சொன்னதில்லையாம். சொல்லிக்கொண்டே அவளுக்காக ‘ஆம்’ கட்டத்தில் அவரே ஒரு டிக் போட்டார்.

வலிக்கிறது என்று சொல்வதற்காகவே அவள் ஏறினாள். ஏறிவிட்டதால் வலிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு கோபம் வந்தது.

மாதாமாதம் படிக்கட்டில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது மாடிச் சுவரில் மாட்டியிருந்த பலன் வரைபடமோ ஏறிக்கொண்டே போனது. நாலாம் மாதம் ஒரு தச்சர் பன்னிரண்டாம் படியில் உட்கார்ந்துகொண்டு, முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து புள்ளிவிவர அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பதினைந்து நிமிடத்துக்குள் மேலே வராதவர் தாமாக விலகியவர் என்பது விதி.

“நான் விலகலம்மா, ஏற முடியல” என்றார் தச்சர். அதையும் தையல்காரியிடம்தான் சொன்னார். மேலே இருந்தவர் ஏற்கனவே எழுதி முடித்துவிட்டார்.

அவள் பதினாலாவது நிமிஷத்தில் மேலே போய்ச் சேர்ந்து புள்ளிவிவர அதிகாரியைப் பிடித்தாள். அவர் கெட்டவர் இல்லை. நாள் முழுக்க எண்களோடு இருந்து, மனுஷர்கள் எதிரே வந்தால் கொஞ்சம் கூசுகிறவர். விலகியவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் செய்யமாட்டோம், கணக்கில் அவர்களே இல்லையே என்றார். அப்படியென்றால் மாத்திரை எத்தனை பேருக்குக் கேட்டிருக்கிறது என்றாள். மேலே வந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேருக்கு என்று சொல்லும்போது அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது. வயிற்றெரிச்சலையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அதையும் ஆராய்ந்துவிட்டதாகவும், மாதத்தின் முதல் பதினைந்து தேதிக்குள் பிறந்தவர்களுக்கு எரிச்சல் குறைவு என்று தெரியவந்ததாகவும், அது பெரிய கண்டுபிடிப்பு என்றும் சொன்னார். அவள் பிறந்தது பத்தொன்பதாம் தேதி.

“நாலு நாள் முன்னாடி பிறந்திருக்கலாம்” என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். புகாரை மேம்பாட்டுக் குழு மூன்று அமர்வுகளில் பரிசீலித்து மூன்று மேம்பாடுகளைச் செய்தது. படிக்கட்டின் திருப்பங்களில் கிடந்த பெஞ்சுகளை எடுத்தார்கள், உட்காருகிறவர்களால்தான் தாமதமாகிறது என்று. கைப்பிடியைத் தொடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கையும் சேர்ந்து ஏறினால் முட்டிக்கு வந்த பலன் சுத்தமாகத் தெரியாதாம். அவள் கையை ஊன்றி ஏறுவதைப் பற்றிக் குழு இரண்டு மணி நேரம் விவாதித்து, உட்கார்ந்து ஏறுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அதை நடையாகவே கொள்ளலாம் என்று முடிவு செய்தது. மூன்றாவது மேம்பாடு, பங்கேற்பாளர்களைப் பாராட்ட ஒரு கூட்டம். அதையும் மூன்றாவது மாடியில்தான் வைத்தார்கள்.

வந்தது நாற்பத்தேழு பேர். இயக்குநர் மைக்கைப் பிடித்தார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, நின்று பேசும்போது மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொள்ளும் பழக்கம்.

“இருபத்தைந்து வருடமாக இந்த நிலையத்தில் ஒரு சிகிச்சைகூடத் தோற்றதில்லை. தோற்கும்போல் தெரிந்தால் உடனே அளவுகோலைத் திருத்துவோம். சிகிச்சையைத் திருத்துவது கம்பெனியின் வேலை, அளவுகோலைத் திருத்துவதே ஆய்வாளரின் கடமை” என்றார். கைதட்டினார்கள்.

தையல்காரி எழுந்தாள். எழுவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஐயா, எங்க தெருவுல இன்னொரு டெய்லர் இருந்தாரு. ‘என் கடைக்குத் திரும்பி வந்த ஒருத்தர்கூட குறை சொன்னதில்ல’ன்னு மார்தட்டுவாரு. அளவு சரியில்லாதவங்க எல்லாம் துணியைத் தூக்கிட்டு என் கடைக்கு வந்துட்டாங்க. அது அவருக்கு எப்படித் தெரியும்? நீங்க பண்றதும் அதேதாங்க. கீழே அறுபத்தொரு பேர் நிக்கறாங்க. அவங்களைக் கேட்டீங்களா?”

இயக்குநர் கோபப்படவில்லை, அன்பாகச் சிரித்தார். “அம்மா, அறிவியல் என்பது வந்தவர்களை நம்புவது. வராதவர்களைப் பற்றிப் பேசினால் அது ஊகம். இந்த நிலையம் ஊகத்தில் இறங்காது. இதில் நோயாளியின் அபிப்பிராயமும் கலந்துவிடக் கூடாது, முடிவு கெட்டுவிடும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். இந்த மாத்திரையைத் தினமும் காலையில் நானே சாப்பிடுகிறேன். பாருங்கள், தினமும் மூன்றாவது மாடிக்கு வருகிறேனா இல்லையா?” என்றார். இந்தத் தடவை கைதட்டல் அடங்க நேரமானது.

தையல்காரி உட்கார்ந்துவிட்டாள். வாயடைத்துப் போய்விட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அந்த ரகசியத்தை மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து தரைத்தளத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கடையின் அளவு நோட்டு. விலகியவர்கள் எங்கே போனார்கள் என்று மூன்றாவது மாடிக்குத்தான் தெரியவில்லை. வயிற்றெரிச்சலுக்கு மருந்து வாங்க அத்தனை பேரும் இந்த ஜன்னலுக்குத்தான் வந்து நின்றார்கள். வயிறு வேறு துறை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கழுத்து, தோள், கை நீளம் என்று எழுதுகிற கட்டங்களில் அவள் நம்பர், நின்றுபோன படி, வலிக்கிற இடம், வயிறு என்று எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டி, அவரவர் கையெழுத்தை வாங்கினாள். முதலில் தச்சர் போட்டார். மற்றவர்கள் கேள்விப்பட்டு ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டைவிட்டு இறங்க முடியாத நாலு பேரை அவளே ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தாள். வலிக்குதா என்று கேட்டதும் ஓர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதத்தில் யாருமே அதைக் கேட்கவில்லையாம்.

அறுபத்தொன்றும் சேர்ந்த அன்று, வேலை நேரம் முடிந்ததும் தம்பி பக்கத்தில் வந்து நின்றான். தரைத்தளத்தில் உட்காரக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன் என்றான். ஆனால் நோட்டை மேலே கொடுத்தால் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

“இயக்குநர் கையெழுத்து இருந்தா மட்டும் போகாது” என்றான். “அவர் கையெழுத்து விழுந்த எதையும் அறிக்கையோட சேர்த்துத்தான் ஆகணும், கிழிக்கவோ பிரிக்கவோ கூடாது. அது விதி. அவரே போட்டது.”

“டேய் சட்டம், பங்கேற்பாளர் யாரா இருந்தாலும் லிப்டுல ஏத்த மாட்டேதானே?”

“யாரா இருந்தாலும்.”

“அது போதும், நீ போ” என்றாள் அக்கா.

ஆறாம் மாதம் முடிவு வெளியீடு. சுகாதாரத் துறையிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து லிப்டில் மேலே போனார்கள். இயக்குநர் மட்டும் கீழே, ‘அனைவரும் ஏறினர்’ என்ற பேனருக்கு முன்னால் போட்டோவுக்கு நின்றார். தையல்காரி ஒரு படிவத்தோடு போய் வணங்கினாள். ஐயாவும் மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் பட்டியலில் ஐயா பெயர் இல்லை, அது எங்களுக்கெல்லாம் குறையாக இருக்கிறது என்று பவ்வியமாகச் சொன்னாள். இயக்குநருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. போட்டோக்காரர் பக்கம் திரும்பி, பேனாவைத் திறந்து, சிரித்தபடியே பங்கேற்பாளர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு லிப்டுக்குப் போனார்.

தம்பி கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

இயக்குநர் முதலில் அதை மரியாதை என்று நினைத்தார். பிறகு புரிந்தது. “நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியும் ஐயா. நூத்தி ஒன்பதாவது பங்கேற்பாளர்.” போர்டைக் காட்டினான். “கையெழுத்தும் உங்களுதுதான் ஐயா.”

மருந்து ஜன்னலில் நாற்பது பேர் பாட்டிலும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டோக்காரர் கேமராவை இறக்கவில்லை. இயக்குநர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு நடந்தார். ஏழாம் படியில் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. “ஐயா, அறிவிப்பு” என்று தச்சர் கீழேயிருந்து ஞாபகப்படுத்தினார். கை திரும்பி வந்தது. பதினெட்டாம் படியின் திருப்பத்தில் நின்று பெஞ்சைத் தேடினார். பெஞ்சு இருந்த இடத்தில் சுவரில் நாலு ஆணித் துளைகள் இருந்தன. இருபத்து மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கினால் அதைவிட மோசமாக வலிக்கும் என்று அவருடைய முட்டிக்கே தெரிந்திருந்தது.

மேலே புள்ளிவிவர அதிகாரி, அதற்குள் மேலே வந்து சேர்ந்திருந்த புதுப் படிவத்தை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். படிக்கட்டில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது அவர் வழக்கமில்லை.

“நூற்றி ஒன்பது. பதினைந்து நிமிடம் முடிந்தது. தாமாக விலகியவர்.”

“நான் விலகலய்யா, ஏற முடியல” என்றார் இயக்குநர். குரல் மேலே எட்டவில்லை.

தையல்காரி தன் வழக்கப்படி உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறி அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள். பழிவாங்கிய சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பக்கத்தில் ஒருவர் முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தால் அது வருவதில்லை. நோட்டைப் பிரித்தாள்.

“வலிக்குதா?”

அவர் தொட்டுக் காட்டினார். “ரெண்டு முட்டியும். மூணு வருஷமா.”

“வயிறு?”

“எரியுது.”

நம்பர், படி, இடம், வயிறு என்று நாலு கட்டத்தையும் நிரப்பி, படித்துக் காட்டிப் பேனாவை நீட்டினாள். அவர் நோட்டின் பழைய பக்கங்களைத் திருப்பினார். அறுபத்தொரு கையெழுத்து. சிலது நடுக்கம், ஒன்றிரண்டு கைரேகை.

“இதுல நான் போட்டா முழு நோட்டும் அறிக்கையில சேர்ந்துடும்.”

“தெரியுங்க.”

“போடலன்னா?”

“போடலன்னா நீங்க தாமா விலகினவரு. போட்டா வலிக்கிறவரு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மேலே நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. அதிகாரிகள் பொறுமையிழந்துகொண்டிருந்தார்கள். இயக்குநர் தன் காலைப் பார்த்தார். பிறகு போட்டார். போட்ட கையோடு, அவள் முகத்தைப் பார்க்காமலே, கீழே அந்தப் பயிற்சி அறை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

“பூட்டியிருக்கு. சாவி மூணாவது மாடியில, உங்க நாற்காலிக்குப் பின்னாடி. அது வேணுங்கற யாராலயும் ஏறிப் போய் எடுக்க முடியாத இடத்துலதான் மாட்டியிருக்கீங்க.” நோட்டை மறுபடி நீட்டினாள். “அறையைத் திறக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் கொடுங்க. நான் எடுத்துட்டு வர்றேன்.”

எழுதினார். அவள் நோட்டை மடியில் செருகிக்கொண்டு, மிச்சம் இருந்த முப்பத்தோரு படியையும் ஒவ்வொன்றாக ஏறினாள். தம்பி லிப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டின் அடியில் வந்து அண்ணாந்து நின்றான். வேலை நேரத்தில் லிப்டை விட்டு நகர்வது விதிக்கு விரோதம்.

மேலே குமாஸ்தா தலை நிமிராமல் படிவத்தை எடுத்தார். “மேலே வந்துட்டீங்களா?” என்று கேட்டு ‘ஆம்’ கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். அவள் அவரைத் தாண்டிப் போய், ஆணியிலிருந்து சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, அழகாக பைண்ட் செய்த அறிக்கையின் மேல், அதிகாரிகள் மூவருக்கும் நடுவில், அளவு நோட்டை வைத்தாள்.

“இதையும் சேர்த்துத்தான் படிக்கணும், அது இந்த நிலையத்தோட விதி” என்றாள். “பின்னாடியிருந்து ஆரம்பிங்க. அறுபத்திரண்டாவது ஆள் இப்ப படிக்கட்டுல உட்கார்ந்திருக்காரு. சந்தேகம் இருந்தா இறங்கிப் போய்க் கேளுங்க, வலிக்குதான்னு.”